கார் ஏசி: கேஸ் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் கார் ஏசி கடைகளில் கூட்டம் கூடிவிடும். "கூலிங் இல்லை" என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பல இடங்களில் முதலில் வரும் பதில், "கேஸ் கம்மியா இருக்கும் சார், டாப்-அப் பண்ணிக்கலாம்" என்பதுதான். பெட்ரோலைப் போலக் கேஸும் ஓட ஓடத் தீரும் என்று வண்டிக்காரரும் நம்பிவிடுகிறார். ஏசி ஒரு மூடிய வளையம். அதற்குள் சுற்றும் கேஸ் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. ரப்பர் ஹோஸ், கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாக ஆண்டுக்குப் பத்து, இருபது கிராம் கசிவது இயல்பு. ஏழெட்டு ஆண்டு ஓடிய வண்டியில் அதனால் கூலிங் கொஞ்சம் குறையலாம். ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு முறை கேஸ் அடிக்க வேண்டி வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் மூன்றாவது முறை அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

கேஸ் சரியாக இருக்கும் வண்டியில் மேற்கொண்டு நூறு கிராம் ஏற்றினால் கூலிங் கூடாது, குறையும். கம்ப்ரசரும் கூடுதல் சுமையில் அடிபடும். அதனால்தான் கேஸில் கை வைப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன். சொல்லும் எண்கள் எல்லாம் ஆர்-134ஏ கேஸில் ஓடும், பெல்ட்டில் சுழலும் கம்ப்ரசர் உள்ள கார்களுக்கு உரியவை. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஆர்-134ஏ திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறும், அழுத்தம் குறைந்தால் இறங்கும். ஏசியின் வித்தை முழுவதும் இதில் அடக்கம். கம்ப்ரசர் கேஸை நசுக்கி 200 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வெளியே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் கொதிநிலை சுமார் 55 டிகிரி. ஆகவே 38 டிகிரி அனல் காற்றுகூட அந்தக் கேஸுக்குக் குளிர்ந்த காற்றுதான். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சரில் அந்தக் காற்று பட்டதும் கேஸ் சூட்டை விட்டுத் திரவமாகிறது. அடுத்து ட்ரையர், அதற்குள் இருக்கும் மணிகள் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளை. அதைத் தாண்டியதும் அழுத்தம் 30 பிஎஸ்ஐ அளவுக்கு விழுகிறது. 28 பிஎஸ்ஐயில் ஆர்-134ஏவின் கொதிநிலை 0 டிகிரி. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதிக்கும்போது, அதற்குத் தேவையான சூட்டை வண்டிக்குள் இருக்கும் காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. ஆவியான கேஸ் தடித்த பைப் வழியே கம்ப்ரசருக்குத் திரும்புகிறது.

இந்த வரிசை மனதில் நின்றுவிட்டால், அழுத்தம் காட்டும் கேஜை மாட்டாமலே பாதி நோயைக் கையால் கண்டுபிடித்துவிடலாம். ஏசியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு பானெட்டைத் திறங்கள். கம்ப்ரசரிலிருந்து கண்டன்சருக்குப் போகும் பைப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்; 70, 80 டிகிரி இருக்கும், தோல் உரியும். கண்டன்சரிலிருந்து உள்ளே போகும் மெல்லிய பைப் நல்ல வெதுவெதுப்பாக, தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே சூட்டில் இருக்க வேண்டும். நடுவில் ஏதாவது ஓரிடத்தில் திடீரென்று சில்லிட்டால் அடைப்பு அங்கேதான். அந்த இடத்தில் அழுத்தம் விழுந்து, எக்ஸ்பான்ஷன் வால்வ் செய்ய வேண்டிய வேலையை அடைப்பு செய்துகொண்டிருக்கிறது. ட்ரையருக்கு முன்னால் சூடு, பின்னால் குளிர் என்றால் ட்ரையர் அடைத்துவிட்டது. தடித்த பைப் சில்லென்று இருக்க வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஈரக்காற்றில் அதிலிருந்து வியர்வை சொட்டினால் அது நல்ல அறிகுறி. அந்த வியர்வை பனியாக உறைந்து கம்ப்ரசர் வரை வெள்ளை பூத்திருந்தால் நல்லதல்ல.

கேஜுக்குப் போகும் முன் இலவசமாகப் பார்க்கக்கூடியவை சில உண்டு. முதலாவது கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸின் பின்னால் இருக்கும். ஐந்து நிமிட வேலை. அதில் தூசியும் இலைச்சருகும் அப்பியிருந்தால் ப்ளோயர் எவ்வளவு சுழன்றாலும் காற்று வராது. புதியதைப் போடும்போது காற்றுப் போகும் திசைக்கான அம்புக்குறியைப் பார்த்துப் போடுங்கள்.

இரண்டாவது கண்டன்சரும் ஃபேனும். நிறுத்தத்தில் கூலிங் இல்லை, ஓடும்போது நன்றாக இருக்கிறது என்ற புகாருக்குப் பத்தில் எட்டு முறை காரணம் இங்கேதான் கிடைக்கும். சிக்னலில் நிற்கும்போது கண்டன்சருக்குக் காற்று கொடுப்பது ஃபேன் மட்டுமே. ஏசி போட்டதும் ஃபேன் சுழல வேண்டும். இரண்டு வேக ஃபேன் என்றால், ஹை ஸ்பீடு வருகிறதா என்றும் பாருங்கள். ரெசிஸ்டரோ ரிலேயோ போய் லோ ஸ்பீடில் மட்டும் சுழலும் ஃபேன் 'சுற்றுகிறதே' என்று ஏமாற்றிவிடும். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சேரும் பூச்சியும் மண்ணும் முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. அதைச் சாதாரண ஹோஸ் தண்ணீரால், முடிந்தால் பின்னாலிருந்து முன்னோக்கிக் கழுவ வேண்டும். பிரஷர் வாஷ் துப்பாக்கியைக் கிட்டே பிடித்தால் ஃபின்கள் மடிந்து, கழுவியதால் கிடைத்த பலனும் போய்விடும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஏசி ஓடும்போது கண்டன்சர் மேல் இரண்டு பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் உள்ளே காற்று சில்லிட்டால் கேஸிலும் கம்ப்ரசரிலும் பெரிய குறை இல்லை. கண்டன்சர் சூட்டை இறக்க முடியாமல் திணறுகிறது. ஃபேனையும் தூசியையும் பாருங்கள். அளவுக்கு மீறி கேஸ் ஏற்றிய வண்டியும் இதே போலத்தான் நடந்துகொள்ளும்.

மூன்றாவது, நம் ஊரில் யாரும் நினைத்தே பார்க்காத ஹீட்டர். நாம் போடுவதில்லை என்பதால் அது காரில் இல்லாமல் போய்விடாது. கூலிங் காயிலுக்குப் பக்கத்திலேயே இன்ஜின் சுடுதண்ணீர் ஓடும் ஹீட்டர் காயில் இருக்கிறது. குளிர்ந்த காற்று அதன் வழியே போகாமல் தடுப்பது ஒரு பிளாஸ்டிக் மடல். அந்த மடலை இழுக்கும் கேபிள் நழுவினாலோ, மோட்டாரின் பல்சக்கரம் உடைந்தாலோ, மடல் ஓரத்துப் பஞ்சு உதிர்ந்தாலோ குளிர்காற்றில் வெந்நீர்ச் சூடு கலந்துவிடும். கேஜ் அழுத்தங்கள் எல்லாம் அழகாக இருக்கும், வென்ட்டில் மட்டும் குளிர் இருக்காது. இன்ஜின் சூடாகாத முதல் ஐந்து நிமிடம் கூலிங் பிரமாதம், பிறகு குறைகிறது என்றால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வாலுக்குள் போகும் இரண்டு ரப்பர் ஹோஸில் ஒன்றை, துணி சுற்றிய கிளாம்ப்பால் மெதுவாக இறுக்கிப் பத்து நிமிடம் பொறுங்கள். வென்ட் வெப்பம் நாலைந்து டிகிரி இறங்கினால் குறை ஹீட்டர் மடலில். முடிந்ததும் கிளாம்ப்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

இனி கேஜ். இதில்தான் தவறான முடிவுகள் அதிகம் எடுக்கப்படுகின்றன.

இன்ஜின் நிறுத்தி, வண்டி ஆறியிருக்கும்போது கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கமும் (லோ சைடு), கம்ப்ரசர் கேஸைத் தள்ளும் பக்கமும் (ஹை சைடு) ஒரே அழுத்தம் காட்டும். அது வெளிவெப்பத்தைப் பொறுத்தது: 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் 114, 40 டிகிரியில் 133. "நின்ற நிலையில் 100 காட்டுகிறது, கேஸ் ஃபுல்" என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. வளையத்துக்குள் துளி திரவம் மிச்சம் இருக்கும் வரை, உள்ளே 150 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் அழுத்தம் ஒன்றேதான். வீட்டு சிலிண்டரில் கால்வாசி இருந்தாலும் அடுப்பு முழு வேகத்தில் எரிவது போல. நின்ற அழுத்தம் கேஸின் அளவைச் சொல்லாது; ஆனால் வேறு இரண்டு செய்திகளைச் சொல்லும். இந்த எண்ணைவிட மிகவும் குறைவாக இருந்தால் திரவமே இல்லை, கேஸ் ஏறத்தாழக் காலி. கூடுதலாக, 30 டிகிரியில் 120 என்று காட்டினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது நிரப்பியது ஆர்-134ஏவே இல்லை. இரவெல்லாம் நிழலில் நின்ற வண்டியில் விடிகாலையில் பார்த்தால் இந்த எண் நம்பகமாக வரும். சற்று முன் ஓடிய வண்டியில் பார்த்துப் பயனில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது நிலைமையை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். நிழலில் நிறுத்தி, கதவுகளைத் திறந்துவைத்து, ப்ளோயர் முழு வேகத்தில், குளிர் முழுவதுமாக, உள்சுற்றுக் காற்றில், இன்ஜின் 1500 சுற்றில், பத்து நிமிடம். வெளியே 30 முதல் 35 டிகிரி என்றால் லோ சைடு 25 முதல் 40க்குள்ளும், ஹை சைடு 200 முதல் 240க்குள்ளும் நிற்கும். கத்திரி வெயிலில் 40 டிகிரி அடிக்கும்போது ஹை சைடு 260, 270 வரை போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். நண்பகலில் எடுத்த எண்ணையும் மாலையில் எடுத்த எண்ணையும் ஒப்பிட்டுக் குழம்புவது வழக்கமாக நடக்கும் பிழை. கேஜ் எண்ணுக்குப் பக்கத்திலேயே வெளிவெப்பத்தையும் எழுதிவைக்கும் மெக்கானிக்கை நம்பலாம்.

இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. லோ சைடு 15, ஹை சைடு 120 என்பது போலக் காட்டும். கம்ப்ரசரைப் பெல்ட் புல்லியோடு இணைக்கும் கிளட்ச் சில நொடிக்கு ஒரு முறை 'டக் டக்' என்று பிடித்து விடும். கூலிங் காயிலின் ஒரு பகுதிக்கு மட்டும் திரவம் எட்டுவதால், ஒரு பக்க வென்ட் குளிர்ந்தும் மறுபக்கம் வெதுவெதுப்பாகவும் இருக்கலாம். இரண்டும் அதிகம் என்றால் கண்டன்சரால் சூட்டை இறக்க முடியவில்லை: தூசி, ஃபேன், கூடுதல் கேஸ், உள்ளே காற்று, இந்த நான்கில் ஒன்று. தண்ணீர் ஊற்றியதும் ஹை சைடு சட்டென்று இறங்கினால் முதல் மூன்றைப் பாருங்கள்.

லோ சைடு அதிகம், ஹை சைடு குறைவு, உதாரணமாக 60, 130 என்று இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்தால் கம்ப்ரசர் நசுக்கவில்லை. உள்ளே வால்வ் தகடு உடைந்திருக்கலாம், பிஸ்டன் தேய்ந்திருக்கலாம், அல்லது தள்ளும் கேஸின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வகைக் கம்ப்ரசரில் கன்ட்ரோல் வால்வ் சிக்கியிருக்கலாம். கடைசிக் காரணம் என்றால் வால்வை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும். முழுக் கம்ப்ரசரையும் மாற்றச் சொல்வதற்கு முன் அதைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். லோ சைடு பூஜ்யத்துக்கும் கீழே, வேக்கத்துக்கே போய்விட்டால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ ட்ரையரிலோ அடைப்பு. லோ சைடு அதிகமாக, தடித்த பைப்பில் பனியும் பூத்திருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வ் திறந்தபடியே நிற்கிறது. ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. திரவத்தை நசுக்க முடியாது என்பதால் கம்ப்ரசருக்கு இது ஆபத்து. உடனே நிறுத்திவிட வேண்டிய குறை.

நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடியபின் கூலிங் நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் அணைத்துப் போட்டால் திரும்ப வருகிறது என்ற புகாரைத் தனியே சொல்ல வேண்டும். இதற்குப் பின்னால் முற்றிலும் வேறான இரண்டு நோய்கள் இருக்கின்றன. பிரித்துப் பார்க்கும் வழி எளிது. கூலிங் போகும் நேரத்தில் வென்ட் அருகே கை வையுங்கள். காற்றின் வேகமே குறைந்திருந்தால், வரும் கொஞ்சக் காற்று மட்டும் சில்லென்றிருந்தால், கூலிங் காயிலின் வெளிப்பக்கம் ஐஸ் கட்டிவிட்டது. காயிலின் வெப்பத்தைப் பார்த்து, பூஜ்யத்தை நெருங்கியதும் கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய சென்சர் பழுது, அல்லது அது காயிலை விட்டு நழுவியிருக்கிறது. அடைத்த கேபின் ஃபில்டரும் இதே வேலையைச் செய்யும். காற்று முழு வேகத்தில் வந்துகொண்டிருக்க, குளிர் மட்டும் போயிருந்தால், வளையத்துக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. அந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையில் உறைந்து வழியை அடைக்கிறது. அணைத்ததும் உருகி வழி விடுகிறது. முதல் நோய்க்குச் சில நூறு ரூபாய் சென்சர் போதும். இரண்டாவதற்கு ட்ரையர் மாற்றி, நீண்ட நேரம் வேக்கம் போட்டு (பம்ப்பால் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி), கேஸைப் புதிதாக நிரப்ப வேண்டும்.

ஏசி பட்டன் போட்டும் கிளட்ச் பிடிக்கவே இல்லை என்றால் வேலை மின்சாரப் பக்கத்தில் தொடங்குகிறது. ஃப்யூஸ், ரிலே இரண்டையும் முதலில் பாருங்கள். ஒரே எண் உள்ள ஹார்ன் ரிலேயை மாற்றிப் போட்டாலே ரிலேயின் கதை தெரிந்துவிடும். அடுத்து கிளட்சின் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா? வந்தும் பிடிக்கவில்லை என்றால் கிளட்சின் மின்காந்தக் காயிலின் ரெசிஸ்டன்ஸை அளவிடுங்கள். 3 முதல் 5 ஓம் இருக்க வேண்டும். அதுவும் சரியென்றால் கிளட்ச் தகட்டுக்கும் புல்லிக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அது 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர். தேய்ந்து தேய்ந்து ஒரு மில்லிமீட்டரை நெருங்கும்போது, காலையில் பிடித்து மதியச் சூட்டில் பிடிக்க மறுக்கும். சூட்டில் காயிலின் காந்த பலம் குறைவதால் அப்படி. தகட்டின் பின்னாலிருக்கும் மெல்லிய வாஷரில் ஒன்றை எடுத்தால் தீரக்கூடிய இந்தக் குறைக்குக் கம்ப்ரசரையே மாற்றச் சொல்வது அநியாயம்.

வோல்டேஜ் வரவில்லை என்றால் யாரோ தடுக்கிறார்கள். ஹை சைடு பைப்பில் உள்ள பிரஷர் ஸ்விட்ச், அழுத்தம் சுமார் 28 பிஎஸ்ஐக்குக் கீழே இருந்தாலும் 450க்கு மேலே போனாலும் கம்ப்ரசரை ஓடவிடாது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானாலும் காரின் கம்ப்யூட்டர் ஏசியை வெட்டிவிடும். ஆகவே டெம்பரேச்சர் முள் ஏறும் வண்டியில் ஏசி நின்றுபோவது ஏசியின் குற்றம் அல்ல. பிரஷர் ஸ்விட்ச்சின் இரண்டு ஒயரை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துக் கம்ப்ரசரைப் பிடிக்கவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாத வளையத்தில் கம்ப்ரசர் ஓடினால் ஆயில் திரும்பி வராது. சில நிமிடங்களிலேயே உள்ளே கீறல் விழும். மூன்று ஒயர் இருந்தால் அது ஸ்விட்ச்சே அல்ல, 5 வோல்ட்டில் இயங்கும் சென்சர். அதை ஷார்ட் செய்தால் கம்ப்யூட்டருக்கும் கேடு வரலாம். கிளட்சே இல்லாமல் எப்போதும் சுழலும் கம்ப்ரசர்கள் உள்ள புதிய வண்டிகளில் இந்தச் சோதனைகள் பொருந்தாது. ஸ்கேன் டூல் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

சத்தத்தை வைத்தும் ஒரு பிரிவினை செய்யலாம். ஏசி அணைத்திருக்கும்போதே கரகரவென்று சத்தம் வந்து, ஏசி போட்டதும் மாறினால் அல்லது நின்றால் புல்லி பேரிங். பேரிங்கை மட்டும் மாற்றலாம். ஏசி போடும்போது மட்டும் சத்தம் வந்தால் கோளாறு கம்ப்ரசருக்குள்.

கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து இறுகிப்போனால் செலவு அதோடு முடியாது. இதைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இறுகும் கம்ப்ரசர் அலுமினியத் துகள்களை வளையம் முழுக்க அனுப்பிவைத்துவிடும். ஆயில் கறுத்து, விரலில் தேய்த்தால் மினுமினுக்கும். இக்காலக் கண்டன்சர்களின் தட்டைக் குழாய்களுக்குள் இருக்கும் வழிகள் ஒரு மில்லிமீட்டர் அளவே. ஃப்ளஷ் செய்து அந்தத் துகள்களை வெளியே எடுக்க முடியாது. கம்ப்ரசரோடு கண்டன்சர், ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ் மூன்றையும் மாற்ற வேண்டும். ஹோஸ்களையும் கூலிங் காயிலையும் ஃப்ளஷ் செய்ய வேண்டும். கண்டன்சர் விலையை மிச்சம் பிடித்தவர்கள் அதே துகளால் புதுக் கம்ப்ரசரையும் சில மாதங்களில் இழப்பார்கள். பழைய கம்ப்ரசரின் ஆயிலை ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். தெளிவாக இருந்தால் கண்டன்சருக்கு உயிர் உண்டு. கறுப்பாக இருந்தால் பேரம் பேசாதீர்கள்.

ஆயிலின் வகையும் அளவும் கம்ப்ரசரின் லேபிளில் இருக்கும். பேக் (PAG) என்ற செயற்கை ஆயிலில் பேக் 46, பேக் 100 என்று தடிமன் மாறும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றக் கூடாது. சிறிய காரின் மொத்த வளையத்திலும் இருப்பது 100 மி.லி. சுற்றித்தான். கண்டன்சர் மாற்றினால் 40 மி.லி., கூலிங் காயில் மாற்றினால் 40 மி.லி., ட்ரையருக்கும் பைப்புக்கும் பத்துப் பத்து என்று சேர்ப்பது பொதுவான கணக்கு. புதுக் கம்ப்ரசர் பெரும்பாலும் முழு வளையத்துக்கான ஆயிலோடு வரும். பழையதில் வடித்த அளவை அளந்து, அதற்கேற்பப் புதியதிலிருந்து கூடுதலை வெளியே எடுக்க வேண்டும். ஆயில் கூடினால் கூலிங் காயிலின் உட்சுவரில் படிந்து குளிரைக் குறைக்கும். இந்த ஆயில் காற்றின் ஈரத்தைப் பஞ்சு போல உறிஞ்சும் என்பதால், மாதக்கணக்கில் திறந்துகிடந்த டப்பாவிலிருந்து ஊற்றினால் ஈரத்தை நாமே உள்ளே விடுகிறோம். ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் கம்ப்ரசரில் மின்சார மோட்டார் ஆயிலில் மூழ்கியிருக்கும். அவற்றுக்கு மின்கடத்தாத பிஓஇ வகை ஆயில் மட்டுமே. கொஞ்சம் பேக் ஆயில் கலந்தாலும் இன்சுலேஷன் குறைந்து வண்டியே கிளம்ப மறுக்கலாம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் உள்ள அந்த வண்டிகளைப் பயிற்சி பெற்றவர்கள்தான் தொட வேண்டும்.

ஓட்டையைத் தேடும்போது கண் முதல் கருவி. கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கசியும். அதில் தூசி ஒட்டி ஈரப்பசையாகத் தெரியும். கல்லடி படும் கண்டன்சரின் கீழ்ப்பகுதி, பைப் இணைப்புகளின் ஓ-ரிங், கம்ப்ரசரின் முன்பக்க சீல், கேஸ் ஏற்றும் வால்வின் ஊசி, இவற்றை வரிசையாகப் பாருங்கள். இவை எல்லாம் சுத்தம், ஆனாலும் கேஸ் குறைகிறது என்றால் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயில்தான் மிச்சம். உப்புக்காற்று வீசும் ஊர்களில் அது அரிப்புக்கு எளிதில் இரையாகும். இன்ஜினை நிறுத்திக் கால்மணி நேரம் கழித்து, தண்ணீர் வடியும் குழாயின் முனையில் எலெக்ட்ரானிக் டிடெக்டரைப் பிடித்தால் கண்டுபிடித்துவிடலாம். கேஸ் காற்றைவிடக் கனம், கீழே இறங்கி அந்தக் குழாய் வழியேதான் வரும். டேஷ்போர்டை இறக்கச் சொல்வதற்கு முன் இந்தச் சோதனை கட்டாயம்.

காலியான வண்டியில் நைட்ரஜனை 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது நம்பகமான வழி. டயருக்கு அடிக்கும் காற்றை ஏற்றக் கூடாது. அதில் ஈரம் இருக்கிறது. ஆர்-134ஏ அழுத்தத்தில் காற்றோடு கலந்தால் தீப்பற்றும் வாய்ப்பும் உண்டு. ஆக்சிஜனை ஏற்றுவதோ உயிரோடு விளையாடுவது. ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். வேக்கம் போட்டு "முள் நிற்கிறது, லீக் இல்லை" என்று சொல்வதும் போதாது. வேக்கத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு 15 பிஎஸ்ஐதான், அதுவும் எதிர்த்திசையில். 200 பிஎஸ்ஐயில் திறக்கும் ஓட்டை அப்போது இறுக மூடிக்கொண்டிருக்கலாம். ஓட்டையைத் தானே அடைக்கும் என்று விற்கப்படும் திரவங்களை நான் எந்த வண்டிக்கும் பரிந்துரைப்பதில்லை. ஈரம் பட்ட இடத்தில் அவை இறுகும். எக்ஸ்பான்ஷன் வால்விலும் கேஸ் மெஷினிலும் இறுகினால் என்ன செய்வது?

ஓட்டை அடைத்தபின் வேக்கம். முப்பது நிமிடம் குறைந்தபட்சம். வளையம் நாள்கணக்கில் திறந்து கிடந்திருந்தால் ஒரு மணி நேரம். காற்றை எடுப்பது சில நிமிட வேலைதான். மிச்ச நேரம் ஈரத்துக்கு. ஆழ்ந்த வேக்கத்தில் தண்ணீர் அறைவெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி பம்ப் வழியே வெளியேறுகிறது. அதற்கு அவகாசம் வேண்டும். வளையத்தைத் திறந்தால் ட்ரையரையும் ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போடுங்கள்.

கேஸை எடைபோட்டே ஏற்ற வேண்டும். அளவு பானெட் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். சிறிய கார்களில் 300 முதல் 450 கிராம், பின் இருக்கைக்கும் தனி ஏசி உள்ள பெரிய வண்டிகளில் 700 கிராமுக்கு மேல். இவ்வளவு சிறிய அளவில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் செய்யும் டாப்-அப் வெறும் குத்துமதிப்பு. ரெக்கவரி மெஷின் உள்ள கடையில், இருக்கும் கேஸை உறிஞ்சி எடுத்ததும் அதன் எடையைக் கேளுங்கள். ஸ்டிக்கர் 400 கிராம், எடுத்தது 250 என்றால் 150 கிராம் கசிந்திருக்கிறது. எடுத்ததே 400 என்றால் குறை கேஸில் இல்லை என்று அங்கேயே உறுதியாகிவிட்டது. பழைய கேஸை ரோட்டில் திறந்துவிடுவதும் வேண்டாம். ஆர்-134ஏ கார்பன் டை ஆக்சைடைப் போல 1430 மடங்கு புவியைச் சூடாக்கும் தன்மை உடையது. 400 கிராமைத் திறந்துவிடுவது 572 கிலோ கார்பன் டை ஆக்சைடை விடுவதற்குச் சமம்.

ஏற்றும்போது இன்ஜின் நிற்கையில் ஹை சைடில் திரவமாக ஏற்றலாம். இன்ஜின் ஓடும்போது ஹை சைடு வால்வ் மூடியே இருக்க வேண்டும், லோ சைடில் ஆவியாக மட்டுமே ஏற்ற வேண்டும். ஓடும் வண்டியில் ஹை சைடைத் திறந்தால் அந்த அழுத்தம் கேஸ் டின்னுக்குள் பாய்ந்து டின் வெடிக்கும். டின்னைத் தலைகீழாகப் பிடித்து லோ சைடில் திரவம் விட்டால் கம்ப்ரசரின் வால்வ் உடையும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். தெறிக்கும் கேஸ் கண்ணை உறையவைத்துவிடும்.

சந்தை விலையைவிட மிக மலிவாகக் கிடைக்கும் கேஸ் டின்னை வாங்கவே கூடாது. அதில் கலக்கப்படும் பொருள்களில் ஆர்-40 என்ற மெத்தில் குளோரைடும் ஒன்று. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்று பட்டதும் தானே தீப்பிடிக்கும் பொருளாக மாறும். 2011-இல் கப்பல் கன்டெய்னர்களின் குளிர்சாதனங்களில் இந்தக் கலப்படத்தால் வெடிப்புகள் நடந்து உயிர்கள் போயின. சமையல் கேஸை ஏற்றினாலும் கூலிங் வரத்தான் செய்யும். கூலிங் காயிலில் ஓட்டை விழும் நாளில் எரியக்கூடிய அந்தக் கேஸ் கண்ணாடி மூடிய காருக்குள் வந்து நிரம்பும்.

வேலை முடிந்து பானெட்டை மூடுமுன், கேஸ் ஏற்றும் இரண்டு வால்விலும் பிளாஸ்டிக் மூடி திரும்பப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தூசி தடுக்கத்தானே என்று அலட்சியமாக விட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஊசி வால்வ் டயர் வால்வைப் போன்றது; மெல்லக் கசியக்கூடியது. அந்தக் கசிவை நிறுத்துவது மூடிக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம்தான். 'எச்', 'எல்' என்று குறியிட்ட அந்த இரண்டு மூடியும் தொலைந்திருந்தால், அதே அளவில் புதியவை வாங்கி அன்றே போட்டுவிடுங்கள்.